மூன்றாம் ஓலை

ஜூலை 1, செவ்வாய்

சம்மதித்துவிட்டார்! ஞானதிரவியம் மாமா சம்மதித்துவிட்டார்! திரும்பி வரும்போது முருகன்குறிச்சி சிக்னலில் பச்சை விழுந்தும் பைக்கை நிறுத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு என் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்தார். அவரைப் பார்த்தும் சிரித்தேன்.

நிபந்தனை ஒன்று உண்டு. கல்யாணம் அவர்கள் கோயிலில்தான். அதற்கு முந்தின ஞாயிறு நான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். "மனசார எடுக்கணும் மாப்ள. பொண்ணுக்காக எடுத்தா அது வெறுங்குளிப்பு" என்றார். தலையை ஆட்டினேன். தாமிரபரணியை ஒரே மடக்கில் குடிக்கச் சொல்லியிருந்தாலும் அப்போது ஆட்டியிருப்பேன்.

அவர் மகள் எப்சிபா வாசல்வரை வந்தாள். "நாலு சுவிசேஷத்தையும் வாசிச்சிருங்க. சந்தேகம் வந்தா எழுதி வைங்க, எங்க சபை ஐயரு கேப்பாரு" என்றாள். அதனால்தான் இந்த டைரி. நான் வேலை பார்க்கும் பம்பு செட் கடையில் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் கீழே ஒரு மோட்டார் படம். அம்மாவின் மூட்டு வலிக்குப் பிசியோதெரபி செய்ய வந்தவள் எப்சி. அம்மாவுக்கு மூட்டு சரியாகிவிட்டது. மகனுக்குத்தான் கால் தரையில் நிற்கமாட்டேன் என்கிறது.

ஜூலை 3, வியாழன்

முதல் பக்கமே பெயர்ப் பட்டியல். இன்னார் இன்னாரைப் பெற்றார், அவர் இன்னாரைப் பெற்றார் என்று போய்க்கொண்டே இருக்கிறது. கடையில் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிரித்தேன். பெற்றுக்கொண்டே போனார்கள், நான் தூங்கிப்போனேன். எப்சியிடம் சொன்னேன். "முதல்ல மாற்கு சுவிசேஷத்த வாசிங்க. அது ஓட்டமா ஓடும்" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

முதல் தடவையாகக் கோயிலுக்குள் போய் உட்கார்ந்தேன். நாங்களும் கோயில் என்கிறோம், இந்த ஊர்க் கிறிஸ்தவர்களும் கோயில் என்கிறார்கள். அது பரவாயில்லை. போதகரை ஐயர் என்கிறார்களே, அதில்தான் அம்மா தடுமாறிவிட்டாள். பொன்னுத்துரை ஐயர் வீட்டுக்கு வரப்போகிறார் என்றதும், "ஐயரா? அப்ப வெங்காயம் போடாம சமைக்கணுமாடே?" என்று கேட்டாள். அவர் வந்து ஆட்டுக்கால் சூப்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாட்டு ஆரம்பித்ததும் ஓரக்கண்ணால் எப்சியைத் தேடினேன். எல்லாரும் தொண்டை கிழியப் பாட, அவள் உதடு மட்டும் அசைந்தது. தொண்டை கட்டியிருக்கும்போல. மிளகுப்பால் குடி என்று மெசேஜ் அனுப்பினேன். எதற்கு என்று திருப்பிக் கேட்டாள்.

ஜூலை 9, புதன்

மாற்கு ஓட்டமாகத்தான் ஓடுகிறது! அதில் வரும் மனிதருக்கு உட்கார நேரமே இல்லை. படகில் ஏறுகிறார், இறங்குகிறார், கூட்டம், மறுபடி படகு. ஓரிடத்தில் புயல் அடித்துப் படகு முங்கப் போகிறது, அவரோ பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். தலையணை! யாரோ பக்கத்தில் இருந்து பார்த்தவன்தான் அந்தத் தலையணையை ஞாபகம் வைத்திருக்க முடியும். இதை வாசித்துவிட்டுக் கல்லாவில் இருந்தபடியே சிரித்தேன். முதலாளி, "என்னடே, கல்யாணக் கிறுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். தலையணை என்று சொன்னால் நம்பவா போகிறார்.

ஜூலை 14, திங்கள்

ஐயரிடம் முதல் வகுப்பு. நான் டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு, "அந்தப் பிசாசுங்க புகுந்து பன்னிக்கூட்டமே கடல்ல விழுந்து செத்துச்சே, வளத்தவனுக்கு நஷ்டஈடு யாரு குடுத்தா?" என்று கேட்டேன். ஐயர் முப்பது வருஷமாக ஊழியத்தில் இருக்கிறாராம். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "தம்பி, பிசாசு பிடிச்சவன் சுகமானதப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் கேக்கணும்னு தோணலையா?" என்றார். "அவனுக்குச் சந்தோசம்தானய்யா. பன்னிக்காரன் பாவம்லா" என்றேன். வியாபாரத்தில் இருப்பவனுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

மாற்கில் அவர் சீசன் இல்லாத நேரத்தில் அத்திமரத்தில் பழம் தேடி, இல்லையென்று அதைச் சபித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொன்னேன். "எனக்கும் பிடிக்கலதான்" என்று ஐயர் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, வகுப்பு முடிந்தது என்றார்.

ஜூலை 17, வியாழன்

பைக்கில் போகும்போது அந்தத் தலையணைக்காரரிடம் பேசிக்கொண்டு போனேன். சும்மாதான். ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது.

ஜூலை 22, செவ்வாய்

இன்றைக்கு வாசித்ததைப் போல எதையும் வாசித்ததில்லை. வேற்றுச் சாதிப் பெண் ஒருத்தி தன் மகளுக்காக வந்து கெஞ்சுகிறாள். இவர் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிடுகிறார். பிள்ளைகளின் சாப்பாட்டை நாய்களுக்குப் போடுவார்களா என்கிற மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. நான் அவரை அப்படி நினைக்கவில்லையே! ஆனால் அந்தப் பெண் விட்டாளா? மேஜைக்குக் கீழே விழுகிற துணுக்கு நாய்க்குத்தானே என்று ஒரு போடு போட்டாள் பாருங்கள். அவர் தோற்றுப்போய், சந்தோஷமாகத் தோற்றுப்போய், போம்மா உன் மகளுக்கு ஆச்சு என்கிறார். மற்ற இடங்களில் வக்கீல்களையும் குருக்களையும் வாயடைக்க வைத்தவர். அவரையே மடக்கியது நம் வீட்டு ஆட்களைப் போல ஒருத்தி!

எப்சிக்குப் போன் போட்டு மூச்சுவிடாமல் சொன்னேன்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். அந்தப் பொம்பள கேட்டது கெடச்சிட்டுல்லா."

"ஆமா! அதத்தான சொல்லுதேன்!"

"சரி, சாப்பிட்டீங்களா?" என்றாள். வேலைக் களைப்பு போலிருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

அம்மாவிடம் ஞானஸ்நானம் பற்றி விளக்கமாகச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள். "எந்தச் சாமின்னாலும் போ. அந்தப் புள்ள என் காலத் தொட்டு நடக்க வச்சிருக்கா. ஆனா பேர மட்டும் மாத்தாத எய்யா. இசக்கியம்மனுக்கு நேந்து உன்னப் பெத்தேன்." சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. மாமாவோ ஏற்கெனவே, இசக்கிராஜை ஐசக்ராஜ் ஆக்கிவிட்டால் செலவில்லாமல் முடிந்துவிடும் என்று யோசனை வைத்திருக்கிறார். ஐயரிடம் கேட்டேன். "உங்கம்மா வச்ச பேரு. அத மாத்தச் சொல்லி எனக்கு எங்கயும் உத்தரவில்ல" என்றார். அந்த மனிதருக்கு இன்னொரு சூப்பு பாக்கி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று முதல் ஓலை! இங்கே கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் மணமக்கள் பெயரை வாசிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பு என்று பெயர். முடிவில், இவர்கள் சேரத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். ஞானஸ்நானம் ஆகாதவன் பெயரை வாசிப்பது வழக்கமில்லையாம். மாமா சபைக் கமிட்டியில் இருப்பதாலும், மண்டபம் பிடித்தாகிவிட்டதாலும் ஐயர் இசைந்தார்.

மைக்கில் என் பெயரும் எப்சி பெயரும் அடுத்தடுத்து! காது இரண்டும் சூடாகிவிட்டது. தடை கேட்டபோது எனக்குப் பக்கென்றது. பக்கத்தில் இருந்தவரிடம், "யாராச்சும் சொல்லுவாங்களா?" என்றேன். "எங்க தாத்தா காலத்துலருந்து ஒருத்தனும் வாயத் தெறந்ததில்ல" என்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

நாலு புத்தகத்திலும் முடிவை வரிசையாக வாசித்தேன். கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார் என்பதில் நாலு பேரும் நாலு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் கணக்கில் ஒரு தூதன், இன்னொருவர் கணக்கில் இரண்டு. தலை சுற்றுகிறது.

இது நடந்ததா, நடக்கவில்லையா? செத்தவர் எழுந்து வந்தாரா? காலையில் ஆமாம் என்று தோன்றுகிறது. மத்தியானம் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கடைக்கு வருகிறார், அதைப் பார்த்ததும் இல்லை என்று தோன்றுகிறது. சாயங்காலம் மறுபடி ஆமாம். இப்படிச் சுற்றினால் நானே மோட்டார் காயில் மாதிரி எரிந்துபோவேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இந்த முறை தடை கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மத்தேயுவில் ஓரிடம். சத்தியமெல்லாம் செய்யாதே, ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான் என்கிறார். கடையில் ஒருவர், "இந்த மோட்டார் அஞ்சு வருசம் ஓடுமா?" என்று கேட்டார். "தெரியாதுங்க" என்றேன். முதலாளி என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய் அரை மணி நேரம் ஏசினார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. எப்சியை டீக்கடையில் பார்த்தேன். யோவான் சுவிசேஷத்தின் கடைசிப் பக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உயிரோடு வந்தவர் என்ன செய்கிறார் தெரியுமா? கரையில் நெருப்பு மூட்டி மீன் சுடுகிறார்! ராத்திரி முழுக்க வலை போட்டு வந்தவர்களை, வாங்கப்பா சாப்பிடலாம் என்கிறார். தன்னைக் கொன்றவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, பார்த்தாயா என்று கேட்க வேண்டாமா? நானாக இருந்தால் கேட்டிருப்பேன். இவர் மீன் சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஒரு ஆளை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்றால், எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சொல்லி முடித்துவிட்டுப் பார்க்கிறேன், எப்சியின் கண்ணில் தண்ணீர். டீ சூடு என்றாள். அவளுடையது லெமன் ஜூஸ்.

"எப்சி, அவரு எந்திரிச்சு வந்தாருங்கறத நீ நம்புதியா?"

"ஞானஸ்நானத்துல ஐயரு கேப்பாரு. எல்லாரும் விசுவாசிக்கிறேன்னு சொல்லுவாங்க. நீங்களும் சொல்லிருங்க."

"எனக்கு முழுசா வரலன்னா?"

"சொல்லிருங்க ராஜ்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இப்போதும் பயமாக இருக்கிறது. சிரிப்பும் வருகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐயர் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டுவிட்டு வழக்கம்போலச் சின்னதாக ஓர் இடைவெளி விட்டார். எல்லாரும் இருமிக்கொள்வதும் காணிக்கைக்குச் சில்லறை தேடுவதும் அந்த இடைவெளியில்தான். நான் எழுந்து நின்றுவிட்டேன். நிற்க வேண்டும் என்று முடிவு செய்ததாகக்கூட ஞாபகம் இல்லை. ஒருத்தர் ஒரு கேள்வி கேட்கிறார், எனக்குப் பதில் தெரியும், சொல்லாமல் எப்படி உட்கார்ந்திருப்பது?

ஐயர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார். நிமிர்ந்து பார்த்து, "என்ன தம்பி, பாத்ரூமா?" என்றார். மைக்கில்.

"இல்லய்யா. தடை இருக்கு."

எங்கேயோ ஒரு பாட்டுப் புத்தகம் விழுந்தது.

"யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கு."

"மாப்பிள்ளை நீங்கதான?"

"ஆமாய்யா."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அது யாருடையது என்று ஊருக்கே தெரியும். எப்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். ஐயர், "சரி, உக்காருங்க. ஆராதனை முடிஞ்சு பேசுவோம்" என்றுவிட்டு, அதே குரலில், செவ்வாய்க்கிழமை பெண்கள் சங்கக் கூட்டம் என்று வாசித்தார்.

முடிந்ததும் கோயிலுக்குப் பக்கவாட்டில் ஐயர் அங்கி மாற்றும் அறைக்கு அவரும் மாமாவும் எப்சியும் நானும் போனோம். மாமா முகம் செங்கல் சூளை.

"சபை முன்னால மானத்த வாங்கிட்டீய மாப்ள. என்ன தடை? வேற பொண்ணா?"

"ஐயோ, இல்ல மாமா! எனக்கு நம்பிக்கை முழுசா வரல. அதான் தடை."

"இதுக்கா எந்திரிச்சீய?"

ஐயர் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "எல்லாம் பொய்யின்னு சொல்ல வரலய்யா. அந்த மனுசர எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. ஆனா எந்திரிச்சு வந்தாருங்கறத ஒருநா நம்புதேன், மறுநா முடியல. அடுத்த ஞாயித்துக்கெழமை விசுவாசிக்கிறேன்னு சொல்லணும். வேற யாரு முன்னாலன்னாலும் சொல்லிருவேன். அவரு முன்னால பொய் சொல்ல எனக்கு வாய் வரல."

"யாரு முன்னால?" என்றார் ஐயர்.

"அவரு முன்னாலய்யா."

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று இன்னும் புரியவில்லை.

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப இந்தக் கல்யாணம் நடக்காது. ஓலையக் கிழிச்சிருங்க ஐயா."

எனக்கு உயிர் போய்விட்டது. எப்சி இல்லாத ஒரு வீட்டை, அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தேன். வாபஸ் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் எப்சி பேசினாள்.

"அப்ப எம்பேரையும் சபையிலருந்து எடுத்திருங்க ஐயா. எனக்கு இவரளவுக்குக்கூட நம்பிக்கை இல்ல." மாமா திரும்பினார். அவள் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப இந்தச் சபையே உபவாசம் இருந்துச்சு. நானும் இருந்தேன். அம்மா போயிட்டா. அதுலருந்து நான் இங்க வந்து வாய மட்டும் அசைச்சுட்டுப் போறேன்பா. ஆறு வருசமா. ஒருத்தருக்கும் தெரியல. இவரு இன்னிக்கு எந்திரிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இப்பிடி எந்திரிக்கலாம்னு எனக்குத் தெரியாமப்போச்சே."

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். மிளகுப்பால் குடி என்று மெசேஜ் அனுப்பின என்னை எதால் அடிப்பது?

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே தாயி" என்றார் மாமா. குடையை மறந்துவிட்டு வெளியே போனார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாமா போனை எடுக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் மோட்டாரைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறார்கள். "அண்ணாச்சி, உங்க கல்யாணத்த நீங்களே நிறுத்துனீங்களாமே?" என்று ஒருவர். இல்லை, தள்ளிப்போட்டிருக்கிறது என்றேன். அதுவாவது உண்மையா என்று தெரியவில்லை. ஹெல்மெட்டுக்குள் அவரிடம் நன்றாகச் சண்டை பிடித்தேன். உம்மால்தானே இந்த வினை என்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

மாமா கடைக்கு வந்தார். அரை எச்.பி. மோட்டார் விலை கேட்டார். சொன்னேன். ஒரு எச்.பி. கேட்டார். சொன்னேன். வாரண்டி கேட்டார். அவர் வீட்டில் கிணறும் இல்லை, போர்வெல்லும் இல்லை.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எப்சி அம்மா லீலா போனதுலருந்து தெனமும் ஜெபத்துல அவருகூட எனக்குச் சண்டைதான் மாப்ள. ஏன் எடுத்தீருன்னு கேப்பேன். அது விசுவாசக் கொறச்சல்னு நெனச்சு வெளிய மூச்சு விடல. எம்புள்ள அடுத்த ரூம்ல பேச்சே இல்லாம கெடந்திருக்கா. ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ள... ஒருத்தருக்கொருத்தர் வேசம் போட்டுருக்கோம்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "நேத்து நாங்க ரெண்டு பேரும் சேந்து அழுதோம். அப்புறம் பாத்ரூமான்னு ஐயரு கேட்டத நெனச்சுச் சிரிச்சோம். மண்டபத்த நான் கேன்சல் பண்ணல. நீங்க ஞானஸ்நானத்துக்கு வாறீயளா இல்லியான்னு ஐயருகிட்டப் பேசி நீங்களே முடிவெடுங்க. நான் இனிமே கேக்கமாட்டேன்."

அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டு, கடைக்குள் ஓர் ஆட்டம் போட்டேன். முதலாளி பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஐயரிடம் போனேன். "என் சொந்த வார்த்தையில பதில் சொல்லட்டுமாய்யா? ஆமா, ஆனா கொஞ்சம் சந்தேகமும் இருக்குன்னு?"

"புத்தகத்துல இருக்கிற பதிலத்தான் சொல்லணும் தம்பி. இல்லன்னா சொல்லவேண்டாம், காத்திருக்கலாம். அவசரம் மாமாவுக்கும் மண்டபத்துக்கும்தான். அவருக்கு இல்ல" என்றார். கதவுவரை கூட வந்தவர், "ஆனா எவ்வளவு சத்தமாச் சொல்லணும்னு புத்தகத்துல போடல. உங்களுக்கு எவ்வளவு வருதோ அவ்வளவு சத்தத்துல சொன்னாப் போதும். காதுல விழலன்னா நான் குனிஞ்சு கேட்டுக்கிடுவேன்" என்றார்.

மெதுவாகச் சொல்லப் போகிறேன். உதடு அசைகிற அளவுக்கு. எனக்கு இருப்பது அவ்வளவுதான், அதில் பொய் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோயில் நிறைந்துவிட்டது. நான் என்ன செய்யப்போகிறேன் என்று வேடிக்கை பார்க்க, வராதவர்கள்கூட வந்துவிட்டார்கள். முன்வரிசையில் அம்மா, முழங்காலை நீவிக்கொண்டு, நெற்றியில் திருநீற்றோடு. பக்கத்தில் எப்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு. நான் முழங்காலில் நின்றேன். ஐயர் சொன்னது போலவே குனிந்து, காதை என் பக்கம் கொடுத்து, விசுவாசிக்கிறாயா என்று கேட்டார்.

மெதுவாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. சத்தியம் செய்யக் கூடாது, ஆனாலும் சத்தியமாக.

வந்தது ஒரு கத்தல்.

"விசுவாசிக்கிறேன்!"

உத்தரத்தில் இருந்த புறாக்கள் படபடவென்று கிளம்பின. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. காதைக் கொடுத்திருந்த ஐயர் துள்ளியதில் கிண்ணத்துத் தண்ணீர் பாதி அவர் அங்கிமேல் கொட்டிவிட்டது. "எனக்கு ஏற்கெனவே ஆச்சு தம்பி, இது உங்களுக்கு" என்று முணுமுணுத்துவிட்டு மீதியை என் தலையில் மூன்று தடவை ஊற்றினார். சில்லென்று முதுகுவரை இறங்கியது.

அந்தச் சத்தம் எங்கேயிருந்து வந்தது? நேற்றுவரை என்னிடம் அது இல்லை. நாளைக்கு மத்தியானம் எரிந்த மோட்டாரோடு யாராவது வந்தால் இருக்குமா, தெரியாது. ஆனால் சொன்ன நிமிஷத்தில் அதில் பொய் இல்லை. நெஞ்சில் கைவைத்துத் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல், ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னாலேயே, தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தேன்.

எழுந்ததும் மாமா துண்டை நீட்டினார். எப்சி முந்திக்கொண்டு அதை வாங்கினாள். "மெதுவாச் சொல்லப்போறேன்னு சொன்னீங்க?"

"மெதுவாத்தான் சொன்னேன்."

"இதுவா மெதுவா?" சிரித்தாள். துண்டால் துவட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்தேன். அவள் துடைக்கவில்லை. ஈரத் தலையில் உள்ளங்கையை விரித்து வைத்தாள். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் எடுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் இப்பிடியே இருங்க" என்றாள்.